பழைய வண்டியின் மேனி

சென்ற கோடை விடுமுறையில், நம் கல்லூரியிற் பயின்று இப்போது தூத்துக்குடியிலேயே தொழில் நடத்திவரும் உடன்பிறந்தார் இருவர் எம் இல்லம் தேடி வந்தனர். தம்மிடையே ஒரு வழக்கு நேர்ந்துவிட்டதென்றும், அதனை நான்கு பேர் நடுவே கொண்டுபோக மனமில்லை என்றும், யாம் கூறும் முடிவை இருவரும் ஏற்பதாக வீட்டிலேயே பேசி வந்திருப்பதாகவும் சொல்லினர். நிலம் பற்றியதோ, வீடு பற்றியதோ என்று யாம் அஞ்சினோம். வழக்கோ ஒரு மோட்டார் வண்டியைப் பற்றியது.

அவர்தம் தகப்பனார் உப்பளத் தொழில் செய்தவர். சென்னையிற் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் இருகதவு வண்டியொன்றை வேறொருவரிடமிருந்து வாங்கி, விடியுமுன் அளத்துக்கும், ஞாயிறு மாலையிற் பிள்ளைகளுடன் கடற்கரைக்கும் அதிலேயே சென்று வந்தார். அவர் காலமானபின் வண்டி கொட்டகையில் நின்றுவிட்டது. தகப்பனார் ஓட்டிய உருவிலேயே அதனைச் செப்பனிட்டு வைத்தல் வேண்டும் என்பது மூத்தவர் கட்சி. கூரையை அறுத்தெடுத்து, முகப்பை மாற்றி, அகன்ற சக்கரம் பூட்டி, இருவர் மட்டும் அமரத்தக்க ஸ்போர்ட்ஸ் வண்டியாக்குதல் வேண்டும் என்பது இளையவர் கட்சி. பட்டறையில் விலையும் பேசி வைத்துவிட்டார். "அண்ணன் காக்க நினைப்பது வண்டியை அன்று, ஐயா; துருவை" என்று இளையவர் சொல்லியபோது மூத்தவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை; அவர் முகம் மட்டும் வாடிற்று.

அன்று யாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு திங்கள் தவணை கேட்டோம். அத்தவணையில் எண்ணியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். பழைய வண்டிகளைத் தேடி வாங்கி அவற்றின் மேனியைத் தம் விருப்பப்படி மாற்றும் ஆர்வம் நம் மாணவரிடையும் பெருகிவருதலின், இஃது அவ்விருவர்க்கு மட்டும் உரிய விஷயமன்று.

முதற்கண் அவ்வண்டியின் பிறப்பைக் கூறுதல் வேண்டும். வழக்கிற் பாதி அதனுள் அடங்கியிருக்கிறது. டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் பெயருடன் இங்கிலாந்தில் அது 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் மேனியை வரைந்தவர் இத்தாலி நாட்டு டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலொட்டி. அடிச்சட்டமும் மேனியும் ஒன்றாய் இணைந்த கட்டுமானத்துக்கு மோட்டார்த் தொழில் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஹெரால்டோ பழைய முறைப்படி, பட்டறையார் சேஸிஸ் என்று கூறும் தனி அடிச்சட்டத்தின்மேல் எழுந்தது. இதற்குக் காரணம் பழமைப் பற்றன்று, இடுக்கணே. அக்கம்பெனிக்கு மேனி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனியார் விலைக்கு வாங்கிவிட்டனர். முழு மேனியை ஒரே இடத்திற் செய்ய வழியின்றிப் போகவே, பல இடங்களிற் பகுதி பகுதியாகச் செய்து போல்ட்டுகளாற் பூட்டினர். எஞ்சின் மூடியும் முன்பக்கத் தகடுகளும் ஒருங்கே முன்னோக்கிச் சாயும்; கூரையும் பூட்டிக் கழற்றத் தக்கதே. ஏறத்தாழ 25 அடி வட்டத்துள் வண்டி திரும்பிவிடும். நம் ஊரின் பழைய குறுந்தெருக்களில் வண்டி ஓட்டியவர் இதன் அருமையை அறிவர்.

1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியார் ஹெரால்டை இந்நாட்டிற் செய்து விற்றனர். பின்னர், பெரிய குடும்பங்களுடைய நம்மவர்க்கு ஏற்ப நான்கு கதவு வைத்தும் செய்தனர். பிறந்த நாட்டில் அவ்வுருவம் செய்யப்படவே இல்லை. மேலும், இதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் மிக்கெலொட்டியே வரைந்த வேறொரு மேனியைப் பூட்டி, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் வண்டியை இங்கிலாந்தார் வெளியிட்டனர். ஆகவே, செய்தவரே இத்தனை முறை மாற்றியதை உடையவன் மாற்றலாகாதோ என்று இளையவர் கேட்பதைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட முடியாது. ஹெரால்டின் உள்ளே ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டி பிறப்பிலேயே ஒளிந்திருக்கின்றது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் இளையவர் கட்சி மேலும் வலுப்பெறும். மோட்டார் வண்டியின் முதற்காலத்திற் செல்வர் பலர் எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் மட்டுமே ஒரு கம்பெனியிடம் வாங்கி, மேனியை வேறு கம்மியரிடம் தம் விருப்பப்படி செய்வித்துக்கொண்டனர். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியாரே இரண்டாம் உலகப்போர் முடியும்வரை மேனியுடன் கூடிய முழு வண்டியை விற்றவரல்லர். சென்னையில் 1840-இல் தோன்றிய சிம்சன் கம்பெனியார் முதலிற் குதிரைவண்டி செய்தனர். பிறகு மோட்டார்களுக்கும் பேருந்துகளுக்கும் மேனி கட்டினர். அந்நாளில் இவ்வண்டியின் உண்மை உருவம் எது என்று கேட்டிருந்தால், பணம் கொடுத்தவர் சொல்லிய உருவம் என்றே விடை வந்திருக்கும்.

கல்கத்தாவில் வாழ்ந்த மத்தியூசன் என்னும் ஆங்கிலேயக் குடியேற்றச் செல்வர் 1910-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் புரூக் கம்பெனியாரைக் கொண்டு அன்னப்பறவை வடிவில் ஒரு மோட்டார் வண்டி செய்வித்தார். அன்னத்தின் கழுத்து எஞ்சினுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும். அலகு வழியே நீர் சீறும். அதனைக் கண்டு தெருவிற் கலவரம் மூண்டதாகவும் சொல்வர். இன்று அது நெதர்லாந்தில் லவுமான் அருங்காட்சியகத்திற் சிறப்புடன் இருக்கின்றது. பழைமையைக் காப்பேன் என்று ஒருவர் புறப்பட்டு, அன்னத்தைக் களைந்துவிட்டு எளிய மேனி ஒன்றைப் பூட்டியிருந்தால் அவரைப் பற்றி நாம் யாது கூறுவோம்? பழைய மாற்றமும் காலம் செல்லச் செல்ல மூலமாகிவிடுகின்றது. மூத்தவர் இதனைச் சற்றுக் கருதிப் பார்த்தல் வேண்டும் என்று யாம் குறித்து வைத்துக்கொண்டோம்.

சட்டமோ மூத்தவர் பக்கம் சாய்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் செய்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்துதல் கூடாதென்று விலக்குகின்றது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே உறுதிப்படுத்திற்று. 2021-இல் வந்த விதிகளோ பழைய வண்டிக்கென ஒரு தனித் தகுதியையே ஏற்படுத்தின. முதற்பதிவு ஆகி 50 ஆண்டு கடந்த வண்டி, அடிச்சட்டத்திலும் மேனிக்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாமல் பிறந்த உருவில் இருக்குமானால், 20,000 ரூபாய் கட்டணத்தில் வி, ஏ என்னும் எழுத்துகள் தாங்கிய தனிப் பதிவெண் பெறலாம். பதிவு பத்தாண்டு செல்லும். ஆனால், அவ்வெண் பெற்ற வண்டி கண்காட்சிக்கும், பழவண்டி அணிவகுப்புக்கும், எண்ணெய் நிரப்பவும், பழுது பார்க்கவும் போகலாமேயன்றி அன்றாடம் தெருவில் ஓடுதல் கூடாது. இளையவர் இதனைப் படித்துவிட்டு, "அப்பா தினமும் அளத்துக்கு ஓட்டிய வண்டியை அளத்துக்கு ஓட்டக்கூடாது என்றால், எதனைக் காத்தோம்?" என்று கேட்டார். சட்டம் இதற்கு விடை வைத்திருக்கவில்லை. உரிமை எவருக்கு, தண்டம் எவ்வளவு என்று அது சொல்லும். அன்பு எவ்வுருவில் நிலைக்கும் என்று சொல்லாது.

நிற்க. இவ்வழக்கு நம் ஊருக்குப் புதிதன்று. மோட்டார் வண்டிக்கு முன்னரே தோணிக்கு நேர்ந்தது.

பெரிய துறைமுகம் 1974-இல் அமைவதற்கு முன்னர், கரையோரம் ஆழமின்மையால் கப்பல்கள் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பஞ்சும் உப்பும் பிறவும் தோணிகளிலேயே அங்குச் சென்றன. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் நேரே கடல் கடந்த பெருந்தோணிகளும் இருந்தன. பாயொன்றே அவற்றின் எஞ்சின். கச்சான் எப்பொழுது வீசும், கொண்டல் எப்பொழுது திரும்பும், வாடைக்குப் பாயை எவ்வளவு சுருக்குவது, சோழகத்துக்கு எவ்வளவு விரிப்பது என்பன தண்டலின் உடம்பிலேயே ஊறிக்கிடந்த கல்வி. எந்தக் கல்லூரியும் அதற்குப் பட்டம் அளித்ததில்லை. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் தோணிகளுக்கு எஞ்சின் வந்தது. அதன் சுழலச்சு வெளிப்படுவதற்காகப் பின்புறத்து மரத்திலே துளை இட்டனர். நாளடைவிற் பாய்மரம் குறுகிற்று. எஞ்சின் இல்லாமல் கடல் கடக்கும் சரக்குத் தோணி இன்று நம் துறையில் இல்லை.

இம்மாற்றத்தைப் பழிக்க எமக்கு உரிமையுண்டோ? காற்று ஓய்ந்துவிட்டால் நடுக்கடலில் நாட்கணக்கிற் கிடந்தவர் அத்தோணிக்காரர். கொழும்புக்குப் போன மகன் எந்நாள் திரும்புவான் என்று கரையில் நின்ற தாயிடம் போய், பாய் விரிந்த தோணியின் பேரழகைப் பேச எம் நா எழாது. சரக்கு ஏற்றியவன் நாள் கணக்குப் பார்க்கிறான். கடன் கொடுத்தவன் வட்டிக் கணக்குப் பார்க்கிறான். உழைக்கும் கலம் உழைப்புக்கு ஏற்றவாறு மாறியே தீரும். 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டமும் இதனை உணர்ந்தே, எஞ்சின் பொருத்தியிருந்தாலும், பாயால் மட்டுமே ஓடத்தக்க அளவு பாய் கொண்ட கலத்தைப் பாய்க்கலம் என்றே கொண்டது. மாற்றத்தை ஏற்றுக்கொண்டு, பழைய ஆற்றல் உள்ளே எஞ்சியிருக்கிறதா என்று மட்டும் கேட்ட அவ்விலக்கணம் எமக்கு மிகவும் பிடித்தது.

தோணியின் தூய பழைய உருவம் என்று ஒன்றைச் சுட்டுவதும் எளிதன்று. சுக்கானும் மாலுமியும் அரபு தந்த சொற்கள். நங்கூரம் பாரசீகம் தந்தது. பலகைகளின் இடுக்கில் பஞ்சும் நாரும் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலைக்கு வழங்கும் கலப்பத்து என்னும் சொல்லும் கடல்வழி வந்ததே. சொல் வந்த வழியில் பொருளும் முறையும் வந்திருக்கும். நம் தோணி பல துறைகளிற் பழுது பார்க்கப்பெற்று, பல கைகளின் திருத்தம் ஏற்று வளர்ந்த உடம்பு. எந்த ஆண்டின் தோணியை மூலத் தோணி என்போம்?

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. எம் கருத்து முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது. தோணியை மாற்றியவர் பிழைப்பதற்காக மாற்றினர். ஹெரால்டு உழைப்பினின்று ஓய்வு பெற்றுவிட்டது. அளத்துக்குப் போக வீட்டில் வேறு வண்டிகள் உள்ளன. அது இப்போது செய்யக்கூடிய தொழில் ஒன்றே: இன்னார் ஓட்டினார், இவ்வாறு அமர்ந்தார், இந்தச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார் என்று சாட்சி கூறுதல். சாட்சியின் நாவை அறுத்துவிட்டுச் சாட்சிக்கு நல்ல ஆடை உடுத்துவதிற் பயன் யாது? அன்ன வண்டியின் கதையும் இதனோடு முரணாது. அன்னம் தன் காலத்தின் பித்துக்குச் சாட்சி. அதனாலேயே அது காக்கப்பட்டது.

மற்றொன்று. நம் கரையிற் பிறந்தவர்க்கு முத்தைக் கொண்டு சொல்வது எளிது. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் முத்தைப் பற்றிய பேச்சு இன்னும் நிற்கவில்லை. ஒளி மழுங்கிய முத்தின் மேற்படலத்தை மெல்ல உரித்து, உள்ளே ஒளியுள்ள படலம் உண்டோ என்று பார்க்கும் கைவினைஞர் உண்டு. அது துணிவான வேலை, வெல்லவும் கூடும். துளையிடுதல் வேறு. ஒரு முறை துளை விழுந்த முத்தைத் துளையில்லா முத்தாக்க உலகில் எந்தக் கைக்கும் ஆற்றலில்லை. துளை கோணினால் விலையும் கோணும். ஆகவே, கருவியை எடுக்குமுன் அவன் நெடுநேரம் முத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பான். வண்டியின் மேனியில் கை வைப்பவரும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: இது போல்ட்டைக் கழற்றும் வேலையா, தகட்டை அறுக்கும் வேலையா? சக்கரத்தை மாற்றினால் பழைய சக்கரத்தைக் கொட்டகையில் வைக்கலாம். நிறத்தை மாற்றினால் மீண்டும் மாற்றலாம். தூணை அறுத்துவிட்டால், பின்னர்ப் பற்றவைப்பது தகட்டைத்தான்.

இனித் துருவின் கேள்விக்கு வருவோம். அதற்கு விடை கூறாமல் மூத்தவர் பக்கம் பேசுதல் நேர்மையன்று. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் நாடு நம் கரை. அளத்துக்கு வாழ்வளிக்கும் காற்றே இரும்புக்கு எமனாகின்றது. வெளியே பெயிண்டு பளபளக்கும். உள்ளே, ஈரமும் உப்பும் வடியாமல் தங்கும் மடிப்புகளில், தகடு அப்பளமாய் உதிரும். ஹெரால்டில் அடிச்சட்டத்திலிருந்து இருபுறமும் நீண்டு மேனியைத் தாங்கும் கைகளே முதலில் அரித்துப் போகின்றவை. யாம் நேரிற் சென்று பார்த்தோம். இரண்டு கைகள் விரலால் அழுத்தினால் உள்வாங்கின. ஓட்டுநர் இருக்கையின் கீழ்த் தரை வழியே மண் தெரிந்தது. இவற்றைத் துருவுடனே காப்பது பக்தியுமன்று, அறிவுமன்று. அவ்வண்டியிற் குழந்தையை ஏற்றுபவன் குற்றவாளி. புதுத் தகடு வைத்தேயாக வேண்டும். அங்ஙனம் வைத்தபின் அது பழைய வண்டிதானோ என்று இளையவர் நகைத்தார். தோணியிற் கெட்டுப்போன பலகையை மாற்றியபின் தோணிக்காரர் அதனை வேறு பெயரிட்டு அழைத்ததில்லை என்று கூறினோம். பழுதுக்காக மாற்றுவதும் ஆசைக்காக மாற்றுவதும் பட்டறையில் ஒரே ஓசையுடன் நடைபெறும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

பட்டறைகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய வண்டிக்குப் பட்டி பூசி, மேலே பெயிண்டடித்து, ஒரு மழைக்காலம் தாங்கினாற் போதும் என்று அனுப்பிவிடும் டிங்கர் வேலை மலிந்துவிட்டது. தகட்டைத் தட்டித் தட்டி மிக்கெலொட்டி வரைந்த வளைவுக்குக் கொண்டுவரும் கை அரிது. அத்தகைய முதியவர் ஒருவர் இன்னும் இவ்வூரில் இருக்கின்றார். அவரிடம் பயில இளைஞர் எவரும் வருவதில்லை என்று அவரே எம்மிடம் வருந்தினார். பாய் போனபோது பாய் பிடிக்கும் கையும் போயிற்று. உருமாற்றும் மோகம் ஓங்கினால் தட்டும் கையும் போய்விடும். கண்ணாடி இழையில் வார்த்த முகப்பை விலைக்கு வாங்கிப் பூட்டுவதற்குத் தட்டும் கை வேண்டுவதில்லை அன்றோ? மூல உருவைக் காப்பதில் எமக்குள்ள விருப்பத்திற் பாதி அம்முதியவரைப் பற்றியதே என்று ஒப்புக்கொள்கின்றோம்.

தவணை முடிந்து இருவரும் வந்தபோது இவ்வாறு சொன்னோம். அரித்த கைகளும் தரையும் புதியனவாக்கப்படுக. வேலை அம்முதியவர் கையில் ஒப்புவிக்கப்படுக. இளையவர் விடுமுறை நாட்களில் உடனிருந்து சுத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ளுக. எதனையும் அறுத்தலாகாது. போல்ட்டுகளைக் கழற்றலாம், கழற்றியவை அனைத்தும் பெயர் எழுதி வைக்கப்படுக. ஸ்போர்ட்ஸ் வண்டி வேண்டுமாயின், மேனி முழுதும் அழிந்து அடிச்சட்டம் மட்டும் எஞ்சிய வேறொரு ஹெரால்டைத் தேடி, அதன்மேல் இளையவர் தம் கனவைக் கட்டிக்கொள்ளுக. இங்கிலாந்தில் பலர் அங்ஙனமே கட்டினர். ஆனால் அதனைத் தெருவுக்குக் கொண்டுவரச் சட்டத்தின் கதவு எளிதில் திறவாது என்பதையும் மறைக்கவில்லை. தனிப் பதிவெண் வாங்குவதோ, பழைய பதிவையே புதுப்பித்து அளத்துக்கு ஓட்டுவதோ, அதனை அவர்கள் தாயாரிடம் கேட்டு முடிவு செய்க என்றோம்.

தாயார், "ஓடாத வண்டி எனக்கு எதற்கு?" என்றாராம். ஆகவே பழைய பதிவையே புதுப்பிக்க முயல்கின்றனர்.

யாம் இதனை எழுதும் இந்நாளில் வண்டி அவர்கள் கொட்டகையில் நிற்கின்றது. துரு நீக்குவதற்காகக் கூரையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கின்றனர். போல்ட்டுகள் தகப்பனாரின் பழைய மருந்துப் புட்டி ஒன்றில் உள்ளன. மாலைதோறும் இளையவர் கூரையில்லாத அவ்வண்டியில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றார் எனக் கேட்டோம். கூரை வேலை முடிந்து இரண்டு வாரம் ஆயிற்று. அதனை மீண்டும் பூட்டும் நாளை மூத்தவர் இன்னும் குறிக்கவில்லை.